பாட்டு வரியும் உரையாடலும் கற்றுத்தரும் ஆங்கிலம்

தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுப் பெங்களூருக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று பலரும் சொல்கிறார்கள். அது சரியன்று. முதல் வகுப்பிலிருந்தே அவர்கள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்திருக்கிறார்கள். செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக மாற்றச் சொன்னால் தாளில் மாற்றிக் காட்டுகிறார்கள். கடினமான சொற்களுக்குக்கூடப் பொருள் சொல்கிறார்கள். அவர்களுக்குக் கைகூடாதவை இரண்டு. எதிரில் இருப்பவர் இயல்பான வேகத்தில் பேசும்போது அந்தப் பேச்சு சொல் சொல்லாகப் பிரிந்து காதில் விழுவதில்லை; தாம் பேச நினைக்கும் கணத்தில் ஒரு வாக்கியம் முழுதாக வாயில் வருவதில்லை. இவ்விரண்டையும் இலக்கணப் புத்தகத்தைவிடப் பாட்டு வரிகளும் திரைப்பட உரையாடல்களும் ஆழமாகத் தருகின்றன என்பது, பெங்களூரின் அல்சூர் பகுதியில் ஞாயிறுதோறும் சில இளைஞர்களுடன் உட்கார்ந்து படித்துவருவதால் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

எங்கள் வகுப்புக்கு வருகிறவர்களில் சிலர் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள். மற்றவர்கள், 1809-இல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்ட் என்னும் படைக் குடியிருப்பை அமைத்ததைத் தொடர்ந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பிறந்து இங்கேயே வளர்ந்தவர்கள். துணிக்கடை விற்பனை, மருத்துவமனை வரவேற்பு மேசை, பொருள் கிடங்கு, கணக்குப் பிரிவு என்று பல இடங்களில் வேலை பார்க்கிறார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களும் சில மாதங்களில் கன்னடம் பேசிவிடுகிறார்கள். பேருந்து நடத்துநரும் காய்கறிக் கடைக்காரரும் பக்கத்து வீட்டு அம்மாவும் நாள் முழுதும் அந்த மொழியை அவர்கள் காதில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாக்கியமும் தமிழைப் போலவே வினையில் முடிகிறது. ஆங்கிலத்துக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. மேலாளர் பேசும் சில நிமிடங்களைத் தவிர அது அவர்கள் காதில் விழுவதே அரிது. விழும்போதும் வேலை பற்றிய அச்சத்துடன் சேர்ந்தே விழுகிறது. அச்சமில்லாமல், வேண்டிய அளவு திரும்பத் திரும்பக் கேட்பதற்குப் பாட்டைப் போல வேறொன்றும் எங்களுக்கு அமையவில்லை.

பாட்டைக் கொண்டு மொழி கற்பதை விளையாட்டு என்று எண்ணுகிற பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் நிகண்டுகளைப் பற்றித்தான் பேசுகிறேன். திவாகரம், பிங்கலம் முதலிய நம் பழைய சொற்பொருள் நூல்கள் செய்யுளால் ஆனவை. மண்டல புருடர் தம் சூடாமணி நிகண்டை விருத்தப்பாவில் அமைத்தார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதை ஓசையோடு சொல்லியே சொற்களைக் கற்றார்கள். நன்னூலையும் அவ்வாறே நூற்பா நூற்பாவாக வாயில் ஏற்றினார்கள். ஏட்டுச் சுவடிகள் அரிதாக இருந்ததால் மட்டுமே அப்படிச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஓசைக்குள் அமைந்த சொல் தன் இடத்தை விட்டு நகராது. ஒன்று விட்டுப்போனால் ஓசையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலம் பேசும்போது நாம் விட்டுவிடுவது பெரும்பாலும் "எ", "தி", "டு", "ஃபார்" போன்ற சிறு சொற்களையே என்பதால், இந்தக் காவல் நமக்கு மிகவும் தேவைப்படுகிறது. பேச்சில் "தி" என்ற சொல்லை மறக்கிற பிள்ளை பாட்டில் அதை மறப்பதில்லை. மறந்தால் மெட்டு தடுக்கி நிற்கும்.

வகுப்பின் தொடக்கத்தில் நான் எடுத்துக்கொள்வது டோரிஸ் டே பாடிய "கே செரா, செரா". ஹிட்ச்காக்கின் 1956-ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்காக எழுதப்பட்டு, சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் விருதும் பெற்ற இந்தப் பாட்டை நான் தேர்ந்தெடுத்ததற்குத் தனிக் காரணம் உண்டு. இதே மெட்டில் அடுத்த ஆண்டே, 1957-இல் வந்த ஆரவல்லி படத்தில், "சின்னப் பெண்ணான போதிலே" என்ற தமிழ்ப் பாட்டு வந்துவிட்டது. பிள்ளைகளின் பாட்டிமார்களுக்கு அது நன்றாகத் தெரியும். பிள்ளைகளில் சிலருக்கும் தெரிந்திருக்கிறது. ஆக, மெட்டைப் பழக்க வேண்டிய வேலை இல்லை. ஒரே மெட்டில் இரு மொழிகளும் ஒரே செய்தியை எவ்வாறு அடுக்குகின்றன என்பதை நேரடியாகப் பார்த்துவிடலாம்.

ஆங்கிலப் பாட்டு "வென் ஐ வாஸ் ஜஸ்ட் எ லிட்டில் கேர்ள்" என்று தொடங்குகிறது. காலத்தைக் குறிக்கும் "வென்" முதலில் வந்து நிற்கிறது. தமிழ் வரியில் அதே வேலையைச் செய்கிற "போதிலே" கடைசியில் வருகிறது. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கதை சொல்லத் தொடங்கும்போது ஏன் திணறுகிறார்கள் என்பதற்கு இங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. தமிழில் நினைக்கிறவர்களுக்குச் செய்தி முதலில் வருகிறது, அதை அடுத்த செய்தியோடு பிணைக்கும் சொல் பிறகு வருகிறது. அதனால் ஆங்கிலத்திலும் செய்தியைச் சொல்லிவிட்டு "தட் டைம்" என்று ஒட்டுப்போடுகிறார்கள். இதை விதியாக விளக்கினால் தலையசைத்துவிட்டு மறுநாள் மறந்துவிடுவார்கள். இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பாடிப் பார்த்தவர்களுக்கோ, கதையை "வென்" என்று தொடங்குவது தானாகவே படிந்துவிடுகிறது.

அடுத்த வரியில் அந்தப் பெண் "ஐ ஆஸ்க்ட் மை மதர்" என்கிறாள். அம்மாவைக் கேட்டேன் என்றாலும் அம்மாவிடம் கேட்டேன் என்றாலும் தமிழில் பிழையில்லை. ஆனால் "இடம்" என்ற உருபை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் "ஆஸ்க்ட் டு மை மதர்" என்று சொல்லிவிடுகிறார்கள். பாட்டில் அந்த "டு" இல்லை. அதே சரணம் முடியும் இடத்தில் அம்மா சொன்னதைக் குறிக்கும்போது "ஷி செட் டு மி" என்று "டு" வந்துவிடுகிறது. "ஆஸ்க்" என்ற வினைக்கு ஆளின் பெயர் நேராக வரும், "சே" என்ற வினைக்கு "டு" வேண்டும் என்ற வேறுபாட்டை, நான்கே வரிகளுக்குள் இவ்வளவு தெளிவாக வைத்திருக்கும் பாடப் புத்தகம் எதையும் நான் பார்த்ததில்லை.

இந்தச் சரணத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது. பெண் கேட்ட கேள்வி, "வாட் வில் ஐ பி" என்று கேட்டபடியே நிற்கிறது. கேள்விக்கு உரிய முறையில் "வில்" முன்னால் வருகிறது. இதை நாம் அயற்கூற்றாக மாற்றிச் சொல்வதென்றால் "ஐ ஆஸ்க்ட் மை மதர் வாட் ஐ வுட் பி" என்று வரிசை திரும்பும், "வில்" என்பது "வுட்" ஆகும். நேர்கூற்று, அயற்கூற்றுப் பயிற்சியைத் தாளில் பலமுறை செய்தவர்களும், தாம் பாடிய பாட்டின் கேள்வியைத் தாமே மாற்றிச் சொல்லும்போதுதான் அந்த மாற்றத்தின் காரணத்தை உணர்கிறார்கள். தமிழில் "என்று கேட்டேன்" என்று முடித்துவிட்டால் கேள்வியின் வடிவம் மாறாமல் அப்படியே இருந்துவிடும். ஆங்கிலம் அந்தச் சலுகையைத் தருவதில்லை.

கார்பென்டர்ஸ் குழுவினர் 1973-இல் வெளியிட்ட "எஸ்டர்டே ஒன்ஸ் மோர்" என்ற பாட்டின் தொடக்கமும் தமிழருக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. இளமையில் ரேடியோ கேட்ட வழக்கத்தைச் சொல்ல, "ஐட் லிசன் டு தி ரேடியோ" என்று வருகிறது. "ஐட்" என்பது "ஐ வுட்" என்பதன் சுருக்கம். கடந்த கால வழக்கத்துக்கு "வுட்" எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நான் அவர்களைத் தமிழில் சொல்லச் சொல்வேன். "சின்ன வயதில் தாத்தா வீட்டில் ரேடியோ கேட்பேன்" என்பார்கள். கேட்பேன் என்பது எதிர்கால வினைமுற்று. ஆனாலும் நடந்து முடிந்த பழைய வழக்கத்தைக் குறிக்க நாம் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். "வில்" என்பதன் இறந்தகால வடிவமான "வுட்" அங்கே வருவது அதன் பிறகு அவர்களுக்கு அயலாகத் தோன்றுவதில்லை. அதே வரியில் "லிசன்" என்பதற்குப் பின் "டு", "வெயிட்டிங்" என்பதற்குப் பின் "ஃபார்" என்று, நாம் வழக்கமாக விடுகிற இரண்டு சிறு சொற்களும் அமைந்திருக்கின்றன. ஒரு சொல்லை அதன் துணைச் சொல்லோடு சேர்த்தே மனத்தில் பதித்துக்கொள்வது சொல் வளத்துக்கு மிக முக்கியம். அகராதியிலிருந்து "லிசன்" என்றால் கேள் என்று தனியாக எழுதிவைத்துக்கொள்வதால் அந்தத் துணைச் சொல் தொலைந்துபோகிறது.

காதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். "கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை" என்பது தொல்காப்பியம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய நேரத்தைக் கொடுத்தே நாம் பேசுகிறோம். ஆங்கிலம் அவ்வாறு நேரத்தைப் பங்கிடுவதில்லை. பொருளைச் சுமக்கும் சொல்லின் ஓர் அசையை அழுத்திவிட்டு, இடையில் இருக்கும் "ஆஃப்", "டு", "அண்ட்", "ஃபார்" போன்றவற்றை ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது. அவற்றின் உயிரொலி மங்கி, அகரத்தின் தேய்ந்த சாயல் ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. எழுத்தில் தெளிவாகத் தெரிந்த சொல் பேச்சில் காணாமல் போவதற்கு இதுவே காரணம். எல்லா எழுத்துக்கும் சமநீதி வழங்கிப் பழகிய காது அந்த இடைவெளியில் எதையோ தேடிக்கொண்டிருக்கும்போது பேசுகிறவர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார். நல்ல பாடலாசிரியர்கள் அழுத்தம் பெறும் அசையைத் தாளத்தின் அடியிலும், மங்கும் அசைகளை அடிகளுக்கு இடையிலும் வைக்கிறார்கள். ஆகவே பாட்டுக்கு விரலால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் எந்தச் சொல் எழுந்து நிற்கும், எது அடங்கும் என்பது கைக்கே தெரிந்துவிடும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மெட்டின் தேவைக்காகப் பாடகர் சில சமயம் சிறிய அசையை நீட்டிப் பாடுவார். அதையே பேச்சிலும் நீட்டினால் செயற்கையாக ஒலிக்கும். அதனால் பாடி முடித்ததும் அந்த வரியை மெட்டில்லாமல், பக்கத்தில் இருப்பவரிடம் செய்தி சொல்வதுபோல் சொல்லிப் பார்க்க வைக்கிறேன். இந்தப் படியைச் செய்யாமல் விட்டுவிட்டால் பாட்டு பாட்டாகவே நின்றுவிடும், பேச்சுக்கு வராது.

தவறாகக் காதில் விழுந்ததை எழுதிவிட்டு வெட்கப்படுகிறவர்களுக்கு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் அது நேர்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க எழுத்தாளர் சில்வியா ரைட், சிறு வயதில் தாம் கேட்ட பழைய ஸ்காட்லாந்துக் கதைப்பாடல் ஒன்றில், "லெய்ட் ஹிம் ஆன் தி கிரீன்" என்பதை "லேடி மாண்டிகிரீன்" என்ற சீமாட்டியின் பெயராக எண்ணிக்கொண்டதை 1954-இல் எழுதினார். இப்படித் தவறாகக் கேட்கப்படும் வரிகளுக்கு ஆங்கிலத்தில் அந்தச் சீமாட்டியின் பெயரே நிலைத்துவிட்டது. தவறாகக் கேட்ட இடம்தான் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிய இடம்; கற்க வேண்டியதும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே எங்கள் முறையில் வரிகளின் அச்சுப் பிரதி கடைசியில்தான் வரும். முதலில் தாளில்லாமல் கேட்கிறோம், பிறகு காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதுகிறோம், விடுபட்ட இடத்தைக் கோடாக விட்டுவிட்டு மறுபடியும் கேட்கிறோம். அதற்குப் பிறகே சரியான வரிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறோம். பொருளும் அமைப்பும் தெளிந்ததும் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு சதையை மாற்றுகிறோம். யூ-டூ குழுவின் 1987-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் தலைப்பே "ஐ ஸ்டில் ஹேவன்ட் ஃபவுண்ட் வாட் ஐம் லுக்கிங் ஃபார்" என்பது. இதுவரை முடியாத ஒன்றைச் சொல்லும் வினை வடிவமும், "வாட்" என்று தொடங்கும் துணை வாக்கியமும், வாக்கியத்தின் கடைசியில் தனியே நிற்கும் "ஃபார்" என்ற சொல்லும் அந்த ஒரே வரியில் இருக்கின்றன. கிடங்கில் வேலை செய்கிற தம்பி "ஐ ஸ்டில் ஹேவன்ட் ரிசீவ்ட் வாட் ஐ ஆர்டர்ட்" என்று அதைத் தன் வேலைக்கு மாற்றிக்கொண்டார். வாரத்துக்கு ஒரு பாட்டு போதும். பத்துப் பாட்டுகளை மேலோட்டமாகக் கேட்பதால் பயன் இல்லை.

மதராஸில் பிறந்து உலகப் புகழ் பெற்ற ஒரு பாடகரின் பாட்டும் எங்கள் வரிசையில் உண்டு. 1936-இல் சென்னையில் பிறந்த ஜார்ஜ் டார்சி என்பவர்தான் பின்னாளில் எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் என்ற பெயரில் பாடினார். 1967-இல் வந்த அவருடைய "ரிலீஸ் மி" பிரிட்டனில் பீட்டில்ஸின் இசைத்தட்டையே முதலிடத்துக்கு வரவிடாமல் நிறுத்தியது. தெளிவான உச்சரிப்பும் நிதானமான நடையும் உடையவர் என்பதால் புதியவர்களுக்கு அவர் குரல் நன்றாகப் பிடிபடுகிறது. "லெட் மி கோ" என்ற தொடரில் "கோ" என்பதற்கு முன் "டு" வராது என்பதை அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் மறப்பதில்லை.

பாட்டுகள் எல்லாவற்றிலும் பாடப் புத்தக இலக்கணம் இருக்காது. பீட்டில்ஸின் 1965-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றில் "ஷி டோன்ட் கேர்" என்று வருகிறது. அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் பாடிய புகழ்பெற்ற பாட்டில் "கான்ட் கெட் நோ" என்று எதிர்மறை இரண்டு முறை வருகிறது. இவற்றைக் கெட்ட ஆங்கிலம் என்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. கறுப்பின அமெரிக்கர்களும் தொழிலாளர் குடும்பங்களும் பேசிய மொழியிலிருந்து வந்த வழக்குகள் அவை. இரட்டை எதிர்மறைக்கு அந்தப் பேச்சில் ஒழுங்கான விதி உண்டு. நெல்லைப் பேச்சையும் கோவைப் பேச்சையும் பிழை என்று சொல்லாத நாம் அவற்றை மட்டும் ஏன் பிழை என்று சொல்ல வேண்டும்? கேட்டால் புரிந்துகொள்ள வேண்டும். நேர்முகத் தேர்வில் எழுத்து வழக்கைப் பேச வேண்டும். இரண்டையும் வேறுபடுத்தி அறிவதும் மொழியறிவின் ஒரு பகுதியே.

இந்த இடத்திலிருந்துதான் நாங்கள் உரையாடலுக்குப் போகிறோம். சிட்னி லூமெட் இயக்கி 1957-இல் வந்த "ட்வெல்வ் ஆங்ரி மென்" படத்தில், ஒரு கொலை வழக்கில் முடிவு சொல்வதற்காகக் கூடியிருக்கும் பன்னிரண்டு ஜூரிகளுள், குற்றம் சாட்டப்பட்ட பையனை இகழ்கிற ஒருவர், அவனுக்கு நல்ல ஆங்கிலம்கூடப் பேசத் தெரியாது என்று சொல்லும்போது "ஹி டோன்ட்" என்று தொடங்குகிறார். ஐரோப்பாவிலிருந்து குடியேறிய கடிகாரக்காரர், ஆங்கிலம் தம் தாய்மொழி அல்லாதவர், "டஸன்ட்" என்று அமைதியாகத் திருத்துகிறார். கற்று வந்த மொழியை அக்கறையோடு பேசுகிறவரின் மதிப்பை அந்த ஒரு சொல் நிலைநாட்டுவதை எங்கள் பிள்ளைகள் பார்த்தபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அந்தப் படம் ஏறக்குறைய முழுதும் ஒரே அறையில் நடக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட அளவில் பன்னிரண்டு பேர் ஒத்துக்கொள்கிறார்கள், மறுக்கிறார்கள், சந்தேகப்படுகிறார்கள். சாட்சி உண்மையில் அதைப் பார்த்திருக்கலாமா, கேட்டிருக்க முடியுமா, தவறாக நினைத்திருப்பாரா என்பதே பேச்சு. ஆகவே "குட் ஹேவ்", "மைட் ஹேவ்", "மஸ்ட் ஹேவ்" என்று கடந்ததைப் பற்றிய ஊகத்துக்கு உரிய வினை வடிவங்கள் அந்தக் கதைக்குத் தேவைப்படுகின்றன. பார்த்திருக்கலாம், பார்த்திருக்க வேண்டும், பார்த்திருக்க முடியாது என்று தமிழில் நாம் நுணுக்கமாக வேறுபடுத்துவதை ஆங்கிலத்திலும் வேறுபடுத்த முடியும் என்று அறிந்ததில் அவர்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவருக்கு அது மறுவாரமே பயன்பட்டது.

பாட்டு தராத சிலவற்றை உரையாடலே தரும். தமிழில் நீ, நீங்கள் என்ற வேறுபாட்டிலும் "ங்க" என்ற ஈற்றிலும் மரியாதை அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே "யூ" என்பதால் மரியாதை இல்லாத மொழி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உரையாடல்களைக் கவனித்தால் அந்த மரியாதை "குட் யூ", "வுட் யூ மைண்ட்", "ஐ வாஸ் வொண்டரிங்" என்று வினையில் போய் உட்கார்ந்திருப்பது தெரியும். நம் பிள்ளைகள் மேலாளரிடம் "யூ சென்ட் மி தி ஃபைல்" என்று சொல்லும்போது மனத்தில் "அனுப்புங்க" என்ற பணிவோடுதான் சொல்கிறார்கள். கேட்கிறவருக்குக் கட்டளையாகப் போய்ச் சேருகிறது. வீணாக ஒருவருக்கு முரட்டுத்தனமானவர் என்ற பெயர் வருவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அதுபோலவே, தமிழில் "இல்லையா" என்ற ஒரே சொல்லில் முடிகிற உறுதிக் கேள்வி, ஆங்கிலத்தில் "டஸன்ட் ஹி", "வாஸன்ட் இட்", "ஹேவன்ட் யூ" என்று முன்னால் வந்த வினைக்கேற்ப மாறும். இதை விதியாகப் படித்தால் பேசும் வேகத்தில் வராது. இருவர் பேசுவதைப் பலமுறை கேட்டு, கூடவே சொல்லிப் பழகினால் வருகிறது.

படம் பார்க்கும்போது தமிழ் வரிவசனம் வேண்டாம், ஆங்கில வரிவசனம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். தமிழில் எழுத்து ஓடினால் கண் அதைப் படித்துவிடும், காது ஓய்வெடுத்துக்கொள்ளும். ஒலிக்கும் மொழியையே எழுத்திலும் காட்டுவதன் பயன் நம் நாட்டில் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. ஆய்வாளர் பிரிஜ் கோத்தாரி முன்வைத்த இந்தக் கருத்தின்படி, 1999-இல் குஜராத்தில் தூர்தர்ஷனின் திரைப்பாடல் நிகழ்ச்சியில் அதே மொழியில் பாடல் வரிகளைத் திரையில் ஓடவிட்டார்கள். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர்களின் வாசிப்பு அதனால் மேம்பட்டது. அங்கே எழுத்துக்காகச் செய்ததை நாங்கள் காதுக்காகச் செய்கிறோம். ஒரு காட்சியை முதலில் வரிவசனத்தோடும், பிறகு அது இல்லாமலும் பார்ப்பது வழக்கம்.

பாட்டின் சொல் வளம் ஒரு வட்டத்துக்குள் நிற்பது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காதல், பிரிவு, மழை, இரவு ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் எவ்வளவு சொல் வேண்டுமோ அவ்வளவும் கிடைக்கும். பட்டியல், தவணை, சரக்கு, விடுப்பு ஆகியவற்றுக்குக் கிடைக்காது. எனவே ஒவ்வொருவரும் தம் வேலையில் அந்த வாரம் நடந்த ஒரு பேச்சை, யார் என்ன சொன்னார் என்று உரையாடலாக எழுதிக்கொண்டு வருகிறார்கள். பாட்டிலிருந்தும் படத்திலிருந்தும் எடுத்த அமைப்புகளை அதற்குள் பொருத்தி, இருவர் இருவராகப் பேசிப் பார்க்கிறார்கள். மருத்துவமனை வரவேற்பு மேசையில் இருக்கும் பெண், காத்திருக்கச் சொன்னால் கோபப்படுகிற நோயாளியின் உறவினரிடம் எப்படிப் பேசுவது என்பதை இந்த மாதம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். "வெயிட்" என்ற ஒற்றைச் சொல்லில் இருந்த அந்த உரையாடல் இப்போது "வுட் யூ மைண்ட் வெயிட்டிங் ஃபார் எ ஃப்யூ மினிட்ஸ்" என்று தொடங்குகிறது.